பதிமூன்றாம் அதிகாரத்தோடு நிறுத்தியவன்

...இல்லை, முதலில் மன்னிப்பைக் கேட்டுவிட வேண்டும், விளக்கம் அப்புறம், விளக்கத்தில் ஆரம்பித்தால் நான் விளக்கத்திலேயே நின்றுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். 'சிஸ்டர், நான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்.' அவ்வளவுதான், ஆறு சொல். தேன்கனிக்கோட்டை தாண்டியதிலிருந்து இந்த ஆறு சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏழாவதாக ஒரு 'ஆனால்' வந்து ஒட்டிக்கொள்கிறது... பேருந்தில் ஆள் குறைவு, கடைசி இருக்கையில் காலித் தக்காளிக் கூடைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, காடு ஆரம்பித்துவிட்டது, யானை கடக்கும் இடம் என்ற பலகையைக் கண்டதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். ஓசூரில் இந்நேரம் ஆராதனை தொடங்கியிருக்கும். பத்து வருஷத்தில் நான் போகாத மூன்றாவது ஞாயிறு. யாராவது தேடுவார்களா? மைக் கரகரவென்றால் தேடுவார்கள், ஒயரைச் சரிசெய்ய அருமைராஜ் பிரதர் எங்கே என்று. கரகரக்காவிட்டால்? போன வாரம்தான் எல்லா இணைப்பையும் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தேன், அது கரகரக்காது.

அஞ்செட்டியில் இறங்கிப் பொற்கொடியின் அண்ணன் வீட்டைக் கேட்க வேண்டும். பதினாலு மாதத்துக்கு முன்புவரை பொற்கொடி எங்கள் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தார், காண்டிராக்ட் ஆள், புருஷன் விட்டுப் போனவர், முப்பத்தெட்டு முப்பத்தொன்பது வயதிருக்கும், விடுதியில் கூடத் தங்கியிருந்த பெண்ணோடு ஒருநாள் ஜெபத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டார். ஞாயிறு மத்தியானம் நான் நடத்தும் வேதபாட வகுப்பில் முதல் வரிசை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் கேட்டதை விடமாட்டார். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் சாமிக்குப் படைத்துக் கொடுக்கிற பொரியைத் தின்னலாமா பிரதர், என்று கேட்டவர். தின்னாதீங்க என்றேன். தூக்கிப் போடலாமா? அதுவும் வேணாம், யாருக்காவது கொடுத்துடுங்க. 'அப்ப அவங்க தின்னா பரவால்லயா?' வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், பதில் சொன்னேனா? சொல்லவில்லை. என் பங்குப் பொரியை நான் அறைக்கு எடுத்துப் போய்த் தின்பவன் என்பதையும் சொல்லவில்லை.

எல்லாம் ஒரு மெஷினால் வந்தது, அதைச் சுவரில் மாட்டியதே நான்தான். மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன், கேட்டில் நாலு துளை போட்டு, ஒயர் இழுத்து, கண் உயரத்துக்குப் பொருத்தினேன். அட்டை தேய்க்கிற வருகைப்பதிவு போய் முகம் காட்டுகிற வருகைப்பதிவு. எவ்வளவு அழகான வேலை தெரியுமா அது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை முகத்தின் மேல் வீசுகிறது, மூக்கு எவ்வளவு முன்னால், கண்குழி எவ்வளவு பின்னால், இரண்டு கண்ணுக்கும் இடையில் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் அளந்து எண்களாக்கி வைத்துக்கொள்கிறது, மறுநாள் நீங்கள் வந்து நின்றால் உங்களைப் பார்ப்பதில்லை, எண்ணும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. என் முகத்தைக் காட்டினேன். அந்த மெஷினில் முதல் ஆள் நான்தான்... முதல் முகம்.

அந்த வார ஞாயிறு பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் பதிமூன்றாம் அதிகாரம் என்பது தற்செயல்தான், நான் திட்டமிடவில்லை, வரிசையாக வந்துகொண்டிருந்தோம். பதினோரு பேர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, பாதிப் பேருக்குக் கண் சொருகும். சமுத்திரத்திலிருந்து ஏறிவரும் மிருகம், அதன் முத்திரை, வலது கையிலோ நெற்றியிலோ அது இல்லாதவன் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது... சொல்லிக்கொண்டே வந்தவன், மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். உங்க முகம் ஒரு எண்ணா மாறுது என்றேன். பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள். பதினோரு ஜோடிக் கண். அதற்கு முந்தைய ஆறு நாளில் என்னிடம் பேசியது யார்? ஊரிலிருந்து மனைவி போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், அவளுக்குப் பள்ளிக்கூடம், பிள்ளைகள், என் அம்மா, எல்லாம் தலையில், அதற்கு மேல் பேச நேரமில்லை, ஓசூர் ஜூஜூவாடியில் என் தனி அறையில் டியூப்லைட் போடும் சத்தம்தான் எனக்குத் துணை. அந்தக் கண்களை விட மனசு வரவில்லை. இதுதான் அந்த முத்திரை என்று நான் சொல்லவே இல்லை, சத்தியமாகச் சொல்லவில்லை... 'நெத்தியைக் காட்டினாத்தான் கேட்டு தொறக்குது, யோசிச்சுப் பாருங்க' என்றேன். என்னைப் போன்றவர்கள் பொய் சொல்வது இப்படித்தான், யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி, எதிராளியை விட்டுப் பொய்யை முடித்துக்கொள்வது. அப்போது டீ வந்துவிட்டது. அதிகாரமும் முடிந்திருந்தது. அடுத்த வாரம் பதினாலு பார்ப்போம் என்று புத்தகத்தை மூடினேன்.

பத்துப் பேர் யோசித்துப் பார்த்துவிட்டு மறுநாள் முகத்தைக் காட்டி உள்ளே போனார்கள். நானும் போனேன். பொற்கொடி மட்டும் கேட்டில் நின்றார். செக்யூரிட்டி மதுரைவீரன்தான் எனக்கு வந்து சொன்னது, 'இன்னா சார் உங்க பொம்பள, மூஞ்சியக் காட்டும்மான்னா மாட்டேன்றா. ரேசன் கடையில கைய வெக்கறியே, அது மட்டும் இன்னான்னு கேட்டேன். அங்கயும் இனிமே வெக்கமாட்டேன்றா. ஊட்ல அரிசி காய்க்குதா?' மூன்று நாள் நின்றார். எட்டு மணிக்கு வந்து, எல்லாரும் உள்ளே போகும்வரை நின்று, திரும்பிப் போனார். பேனல் அறையிலிருந்து கேட்டுக்கு இருநூறு அடி இருக்குமா? மூன்று நாளும் நான் பேனல் அறையிலேயே இருந்தேன். போனால் என்ன சொல்வது, காட்டுங்க சிஸ்டர் என்றா, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சொன்னது என்ன என்று கேட்டால்? காட்டாதீங்க என்றா, அப்படியானால் நீங்க என்று கேட்டால்? நாலாம் நாள் அவர் வரவில்லை. காண்டிராக்டர் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலி, நான் பதினாலாம் அதிகாரத்தை எடுக்கவில்லை, சங்கீதப் புத்தகத்துக்குப் போய்விட்டேன்.

போன ஆயுத பூஜை விடுமுறையில்தான் வெளிப்படுத்தின விசேஷத்தை முதல் வசனத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தேன். நாலு நாள், தெருவே ஊருக்குப் போய்விட்டது, எனக்குப் பிரேக்டவுன் டியூட்டி. மேசையில் பொரிப் பொட்டலம். படித்தால்... இது ஒரு கடிதம். வருங்காலத்து மெஷின்களின் பட்டியல் இல்லை, ஏழு ஊர்ச் சபைகளுக்கு எழுதிய கடிதம், எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று அந்த வரிசைகூடச் சும்மா இல்லை, கடிதம் கொண்டுபோகிறவன் சாலையில் நடந்தால் ஊர்கள் அந்த வரிசையில்தான் வருமாம், எங்கள் ஷிப்ட் பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பாக ஆள் ஏற்றிக்கொண்டு போவது மாதிரி. அதில் நாலாவது தியத்தீரா, அது தொழிலாளர் ஊர், சாயம் போடுகிறவர்கள், செம்பு அடிக்கிறவர்கள், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு தெய்வம், வருஷத்துக்கு விருந்து, விருந்தில் உட்காராதவனுக்கு வேலை கிடைப்பது கஷ்டம். நான் பொரிப் பொட்டலத்தைப் பார்த்தேன். பொற்கொடி கேட்டது இந்தக் கேள்விதானே, இரண்டாயிரம் வருஷத்துக் கேள்வி, நான் சிரித்துக் கடத்திவிட்ட கேள்வி. வேலைக்காக எதன் முன்னால் குனிவாய், எதுவரை குனிவாய்? புத்தகம் முழுக்க அது ஒன்றைத்தான் கேட்கிறது, கருவியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

பிறகு பதிமூன்று முடிந்து பதினாலு. பதினாலின் முதல் வசனத்திலேயே இன்னொரு கூட்டம் நிற்கிறது, ஆட்டுக்குட்டியானவரான கிறிஸ்துவோடு, அவர்கள் நெற்றியிலும் எழுதியிருக்கிறது, பிதாவின் நாமம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அந்தக் கடிதத்தை யோவான் எழுதும்போது இடையில் அதிகாரம் என்ற கோடே கிடையாது, அதெல்லாம் ஆயிரம் வருஷம் கழித்து யாரோ வசதிக்குப் போட்டது. மூச்சு விடாமல் படித்திருந்தால் மிருகத்தின் முத்திரையைக் கேட்ட காதிலேயே மற்ற நாமமும் விழுந்திருக்கும். நீ யாருக்குச் சொந்தம் என்பதுதான் அந்த எழுத்து. அது எந்தக் கேமராவுக்கும் தெரியாது, எந்த வெளிச்சத்திலும் அளவெடுக்க முடியாது. ஒரு வசனம்... டீயை ஒரு நிமிஷம் ஆறவிட்டு ஒரே ஒரு வசனம் படித்திருந்தால் அவர் திங்கட்கிழமை உள்ளே போயிருப்பார்.

அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்தது துக்கமா? இல்லை, சந்தோஷம். ஒரு பழுது எங்கே என்று கண்டுபிடித்த சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே நாலு மாதம் ஓட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காண்டிராக்ட் சூப்பர்வைசர் முனிராஜ் வந்து, புது லைனுக்குப் பழைய ஆட்களையே கூப்பிடுகிறோம், திங்கட்கிழமை பட்டியல் மூடுது என்று சொல்லாவிட்டால் இன்னும் நாலு மாதம் ஓட்டியிருப்பேன். 'அந்த அஞ்செட்டிப் பொம்பள இருந்தா நல்லாருக்கும் சார், கை சுத்தம். ஆனா அது மிசினப் பாத்தா பேயப் பாத்தாப்புல நிக்குமே. யாரு ஏத்தி வுட்டானோ.' நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்செட்டியில் இறங்கிக் கேட்டு வந்துவிட்டேன், வீடு ரோட்டை விட்டு உள்ளே, வேலியோரம் மாடு இரண்டு. அண்ணன் மனைவி வெங்கடம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் உள்ளே குரல் கொடுத்தார். களத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த பொற்கொடி முறத்தோடு எழுந்தார், மெலிந்திருக்கிறார், தலையில் தூசு. 'ஐயோ, பிரதரா! இன்னா பிரதர், வழி தப்பி வந்துட்டீங்களா?' கட்டிலை இழுத்துப் போட்டார். இந்நேரம் ஆறு சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். நான் எபேசிலிருந்து ஆரம்பித்தேன். கடிதம், சாலை, தியத்தீரா, அதிகாரக் கோடு... கைவிரலால் தரையில் சாலைகூட வரைந்தேன் போலிருக்கிறது. அவர் முறத்தை மடியில் வைத்து அதே முதல் வரிசைக் கவனத்தோடு கேட்டார். முடித்தேன். திங்கட்கிழமை பட்டியலையும் சொன்னேன். கடைசியாகத்தான், கடைசியில், நான் தப்பா சொல்லிட்டேன் சிஸ்டர் என்றேன், அதுவும் அவர் முகத்தைப் பார்க்காமல், கொள்ளைப் பார்த்து.

'நீங்கதான் மொத ஆளா அதுல மூஞ்சி காட்டுனீங்கன்னு அந்த வாச்மேன் அண்ணன் சொல்லிச்சு.' கோபமில்லை, வெயில் ஏறிவிட்டது என்பது போலச் சொன்னார். அன்றைக்கே தெரியுமா? 'மொத நாளே தெரியும்.' பிறகு ஏன்... 'நீங்க படிச்சவரு. காட்டியும் தப்பிக்கறதுக்கு உங்களுக்கு ஏதோ வழி தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். எனக்குத் தெரியாது இல்ல, அதான் காட்டல.' நான் வாய் திறந்தேன், அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேனோ என்னவோ, மூடிக்கொண்டேன். வெங்கடம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவளுக்கு வேலை கிடைக்குமாமா என்று கேட்டார். பொற்கொடி முறத்தில் கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தார். 'அப்ப நான் நின்னது தப்பில்ல பிரதர். நின்ன எடம் தப்பு. அவ்ளோதானே?' ஆமாம் சிஸ்டர். 'மூணு நாள்ல ஒரு நாளாச்சும் நீங்க கேட்டாண்ட வருவீங்கன்னு பாத்தேன்.' ...ஆமாம் சிஸ்டர். அவர் கொஞ்சம் சிரித்தார், 'மோரக் குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க. நான் வரன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. ராத்திரிக்குள்ள அந்தப் பதினால நானே எழுத்துக் கூட்டிப் படிக்கறேன். அதுல நீங்க சொல்றது இருந்தா நாளைக்கு மொத பஸ்சு.'

பேருந்து இன்னும் முக்கால் மணி நேரம் என்றார்கள், வந்தால். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவர் படிப்பார், இருக்கிறது அங்கே, முதல் வசனமே அதுதான், அவர் வருவார், எனக்குச் சந்தேகமில்லை, என் விளக்கம் இந்த முறை சரி... சரிதான். ஆனால் தப்பான விளக்கத்தை நம்பி மூன்று நாள் கேட்டில் நிற்க அவரால் முடிந்ததே, சரியான விளக்கத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே நின்றிருக்கிறேன்? நிஜமாகவே அப்படி ஒரு நாள் வந்தால், மெஷின் இல்லை, நிஜமானது, குனிந்தால்தான் சோறு என்கிற நாள், அவர் மறுபடி நிற்பார், அதில் கேள்வியே இல்லை. அன்றைக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருக்கும். மிக நல்ல விளக்கமாக, யாரும் குறை சொல்ல முடியாததாக...