சம்பூர்ணத்தின் மாடு

காவலூர் பஸ் ஆலங்காயத்தில் நின்றதும் அர்ச்சுனன் புளியங்கொட்டை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். மலையிலுள்ள வீட்டுக்குப் போய் விடுதிக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு மூட்டை. மற்ற பையன்கள் தேன் கொண்டுவருவார்கள். இவன் யாரும் சீந்தாத கொட்டையைச் சுமக்கிறானே என்று கண்டக்டருக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும். இது சம்பூர்ணம் அக்காவின் மாட்டுக்கு.

பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் ஒரு வாய் காபிக்கு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. விடுதியில் கொடுத்தது வெல்லத் தண்ணீர். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் விலையைக் கேட்டதும் வாசலோடு திரும்பினான். போதாக்குறைக்கு அங்கே "ஏ மலைக்காரா, தள்ளி நில்லு" என்ற அதட்டல் வேறு. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் கூரைக்கடை போட்டிருந்த சம்பூர்ணம்தான் முதலில் பேர் கேட்டாள். "படிக்கிற புள்ளைங்களுக்குப் பாதி வெலைதான் அர்ச்சுனா. உங்களாண்ட லாபம் பாத்தா நான் உருப்படுவேனா?" என்றாள். கெட்டியாக, கருஞ்சிவப்பாக ஒரு காபி. வீட்டில் கூழைத் தவிர வேறு குடித்தறியாதவன், காபி என்றால் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டான். இந்த ஊரில் தன்னை மனுஷனாக மதிக்கிறவள் இவள் ஒருத்திதான் என்றும் முடிவு கட்டிவிட்டான். விடுதியையே அந்தக் கடைக்கு இழுத்துவந்தான். மாட்டுக்குப் புளியங்கொட்டை வேண்டும் என்று அவள் கேட்டபோது, மலையையே கேட்டிருந்தாலும் பெயர்த்துவந்திருப்பான்.

வழக்கமாக மூட்டையைக் கடை வாசலில் இறக்கிவிடுவான். இன்று வாசலில் யாரோ சைக்கிள்களைச் சாத்தியிருந்தார்கள். கொல்லைப்பக்கம் சுற்றிப் போனான்.

அங்கே மாடு இல்லை. முளைக்குச்சி இல்லை, சாணி இல்லை. அடுப்பில் இரும்புச்சட்டி இருந்தது. சட்டியில் அவன் போன தடவை கொண்டுவந்த கொட்டை கருகக் கருக வறுபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் சம்பூர்ணம் வறுத்ததை உரலில் இடித்துச் சலித்து, காபித்தூள் டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"மாட்டுக்குன்னு சொன்னீங்களேக்கா?"

அவள் திடுக்கிட்டாள். ஆனால் ஒரு நொடிதான்.

"மாடு எங்கடா கீது எங்கிட்ட? நீங்க குடுக்கற காசுக்கு சுத்தமான தூள் போட்டா நான் இன்னாத்தத் தின்றது? எல்லாருக்கும் இதாண்டா. உனக்கு மட்டுமா செஞ்சேன்?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனைச் சுட்டது. ஏமாற்றுவதில்கூட அவனுக்கென்று தனியாக எதுவும் இல்லை. தன் தோளில் சுமந்துவந்து, தன் காசு கொடுத்து வாங்கிக் குடித்திருக்கிறான். அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்க வெட்கமாக இருந்தது.

சம்பூர்ணம் பரணிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்தாள். வாத்தியார்களுக்கும் டிரைவர்களுக்கும் போடுகிற தூள். கலந்து அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தா. இனிமே உனக்கு இதான், அதே வெலைக்கு. வெளியில வாயத் தொறக்காத."

குடித்தான். கசந்தது. நாக்கு பழைய காபியைத் தேடியது. அதை நினைத்தபோது அவளைவிடத் தன் நாக்கின் மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

வாசலில் விடுதிப் பையன்களின் குரல். "அக்கா, மூணு காபி!" முனிசாமி எட்டிப் பார்த்தான். "டேய் அர்ச்சுனா, நீ எப்படா வந்த?"

"இப்பதான்" என்றான்.

சம்பூர்ணம் சற்றுமுன் இடித்து நிரப்பிய டப்பாவிலிருந்து தூளை அள்ளியபடி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கையிலிருந்த மிச்சக் காபியைக் குடித்து முடித்தான். முனிசாமி கிளாசை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, சுகமாகக் கண்ணை மூடினான்.