பன்னிரண்டு விநாடி

தொழிற்சாலையில் அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும். கல்யாண ஃபோட்டோவில்கூட அது இருக்கிறது என்று அவர் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக எலக்ட்ரீஷியன். மோட்டாரின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். ஆனால் பி.எல்.சி. என்கிற அந்தச் சாம்பல் நிறப் பெட்டி மட்டும் அவருக்குப் பிடிகொடுக்கவே இல்லை. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது என்பது தெரியும். அதற்குள் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் தெரியாது. அது மக்கர் செய்தால் வெளியிலிருந்து ப்ரோக்ராம்காரர் வருவார். அவர் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்க, டெஸ்டர் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இப்படியே எத்தனை நாள் என்று நாற்பத்தெட்டாவது வயதில் நிர்வாகம் அவரைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பியது.

பயிற்சிக் கூடத்தில் ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பி.எல்.சி., வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்சுகள், வரிசையாக விளக்குகள். மோட்டார் கிடையாது, பிரஸ் கிடையாது. பச்சை விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் அவருக்கு அது சொப்பு வைத்து விளையாடுவதுபோல இருந்தது. மூன்றாம் நாளுக்குள் அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அவர் பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் டீச்சர் சொன்னாள்: "நாளைக்கு உங்க கம்பெனியில ஓடுற ப்ரோக்ராம் ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வாங்க அண்ணா. நானே எழுதுன கணக்கையே எத்தனை நாளைக்குப் போடுறது?"

அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டைக் கழிவுகளை அமுக்கிக் கட்டுகிற பிரஸ்ஸின் ப்ரோக்ராமை, சூப்பர்வைசரிடம் கேட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த மெஷினில்தான் அவர் மனைவி வேலை செய்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மேசை மேல் ஓடவிட்டார்கள். ஒரு ஸ்விட்சை பிரஸ்ஸின் கதவு என்று வைத்துக்கொண்டார்கள். பச்சை விளக்கு, அமுக்குகிற பலகை கீழே இறங்குவதற்கு. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது டெஸ்டர் கதவைத் திறந்தார். விளக்கு உடனே அணைந்தது.

"நம்ம வீட்டுக்காரம்மா கை பத்திரம்" என்றார். டீச்சர் சிரித்தாள்.

"இப்ப அட்டை சிக்குன மாதிரி வச்சுப் பாருங்க."

அதற்கான ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நின்றது. நிஜ மெஷினில் இந்த நேரத்தில் கதவைத் திறந்து, கையை விட்டுச் சிக்கிய அட்டையை உருவுவார்கள். பிறகு கதவைச் சாத்தி ரீசெட் அமுக்குவார்கள். டெஸ்டரும் அப்படியே கதவைத் திறந்து சாத்தி ரீசெட்டை அமுக்கினார். ஒரு துண்டு இன்னும் தொங்குகிறது, அதை எடுக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கதவை மறுபடி திறந்தார். பச்சை விளக்கு எரியவில்லை. சரியாகத்தான் இருக்கிறது. அவர் டீச்சர் பக்கம் திரும்பி ஏதோ கேட்கப்போனார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது.

"ஸ்விட்ச் லூஸா இருக்கும்" என்றார் டெஸ்டர். குரல் அவருக்கே நம்பிக்கை தரவில்லை.

மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். ரீசெட் அமுக்கியதிலிருந்து பன்னிரண்டு விநாடி. மூன்றாவது தடவையும் பன்னிரண்டு. ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டீச்சர் ப்ரோக்ராமைத் திரையில் விரித்தாள். அறுபதாவது வரியில் இருந்தது அது. கதவு மூடியிருந்தால்தான் பலகை இறங்கலாம் என்கிற வரி. அதற்குப் பக்கத்திலேயே, மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டினால் சந்து வழியாகத் திருப்பிவிடுவார்களே, அப்படி ஒரு சுற்றுவழி. சிக்கல் வந்து ரீசெட் அமுக்கினால் பன்னிரண்டு விநாடி கழித்துக் கதவைப் பார்க்காமலே போ என்று அர்த்தம். அதன் மேல் ஒரு குறிப்பு: கதவு ஸ்விட்ச் தகராறு, தற்காலிகம். கூடவே தேதி.

தேதியைப் பார்த்ததும் டெஸ்டருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. கதவைச் சாத்தினாலும் ஸ்விட்ச் சாத்தியதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சிக்கலுக்கும் மெஷின் முரண்டு பிடித்தது. வாசலில் லாரி நின்றது. மேனேஜர் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது ப்ரோக்ராம்காரருக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்த டெஸ்டர்தான் அவரிடம் சொன்னார்: "இப்போதைக்கு ஏதாச்சும் பண்ணி ஓட விடுங்க சார். நாளைக்கு நான் புது ஸ்விட்ச் மாத்திடுறேன்."

சொன்னபடி மாற்றினார். மறுநாளே. கதவைத் திறந்து பார்த்தார், மெஷின் நின்றது, திருப்தியாகப் போய்விட்டார். ப்ரோக்ராம்காரர் உள்ளே என்ன செய்தார் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குப் புரிந்திருக்காது.

மனைவிக்கு ஃபோன் போட்டார். வேலை நேரத்தில் அது லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் போட்டார். சூப்பர்வைசர் எடுக்கவில்லை. மேனேஜர் எடுத்தார்.

"சார், பிரஸ்ஸை உடனே நிறுத்தச் சொல்லுங்க. கதவு திறந்திருந்தாலும் இறங்குது."

"யோவ் டெஸ்டர், நாலு மாசமா நல்லா ஓடிட்டிருக்கு. ஆறு நாள் படிச்சதுக்கே மெஷினைக் குத்தம் சொல்றியா? சாயங்காலம் வா, பேசிக்கலாம்."

வைத்துவிட்டார். டீச்சர் லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வாங்க அண்ணா, ஏறுங்க."

வழியில் சிக்னலில் நின்றார்கள். சிவப்பு விளக்கின் கீழே எண்கள் குறைந்துகொண்டே வந்தன. பன்னிரண்டு வந்ததும் டெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். புதிதாகச் சேருகிற பெண்களிடம் மனைவி சொல்வது காதில் கேட்டது: 'கதவைத் திறந்தா தானா நின்னுடும்மா, பயப்படாம கையை விடு. எங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு.' அவர்தான் சொன்னார். வீட்டில், சாப்பிட்டுக்கொண்டே, பெருமையாக.

தொழிற்சாலையின் பின்கூடத்துக்குள் ஓடியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கதவுக்கு அருகில் அட்டைகளை மடக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் இருந்தது. அவர் அவளிடம் போகவில்லை. நேராகச் சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சை இழுத்துக் கீழே தள்ளினார்.

"என்னங்க, என்ன ஆச்சு? கிளாஸுக்குப் போகலையா?"

"யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார். மூச்சு வாங்கியது.

சூப்பர்வைசர் வந்தார், பின்னாலேயே மேனேஜர். ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். டீச்சர் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அந்தக் கோடுகள் அவர்கள் இருவருக்கும் கோலம் மாதிரிதான் தெரிந்திருக்கும். கடைசியில் மேனேஜர், "சரி, செஞ்சே காட்டு. அப்புறம் உன்னை வச்சுக்கிறேன்" என்றார்.

எல்லோரையும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிறுத்தினார்கள். கரண்ட் கொடுத்தார்கள். டீச்சர் சிக்கலைக் கண்டுபிடிக்கிற சென்சார் முன்னால் ஒரு அட்டையைச் செருகி எடுத்தாள். சிவப்பு விளக்கு. மனைவி பழக்கப்பட்ட விரலால் ரீசெட்டை அமுக்கினாள். டெஸ்டர் கதவைத் திறந்து, கை பருமனுள்ள ஒரு அட்டைக் குழாயை உள்ளே சாய்த்து வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

மனைவி சத்தமாக எண்ணினாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

ஒன்றும் நடக்கவில்லை.

பதின்மூன்று. பதினான்கு. யாரோ பின்னால் சிரித்தார்கள். டெஸ்டர் அறுபதாவது வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். தப்பாகப் படித்துவிட்டேனா?

"இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று சூப்பர்வைசர் மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்தார். குழாயை வெளியே எடுக்கக் குனிந்தார். முழங்கைவரை கை உள்ளே போனது.

"பம்ப்!" என்று டீச்சர் கத்தினாள். "அண்ணா, நம்ம மேசையில பம்ப் கிடையாது! இதுல பம்ப் ஓடி எண்ணெய் அழுத்தம் ஏறினாத்தான் பலகை இறங்கும், அதுக்கு நேரமாகும்!"

டெஸ்டர் சூப்பர்வைசரின் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இருவரும் தரையில் மல்லாந்து விழுந்தார்கள். பலகை இறங்கியது. அவசரமே இல்லாமல், எப்போதும் இறங்குகிற அதே நிதானத்தில் இறங்கியது. குழாய் நெரிந்து, தட்டையாகி, உள்ளே போனது. கதவு அகலத் திறந்திருந்தது.

சூப்பர்வைசர் உட்கார்ந்தபடியே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

"எந்தப் பாவி இதை வச்சது?" என்றாள் மனைவி.

டெஸ்டர் எழுந்து நின்றார். பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. ப்ரோக்ராம்காரர் தலையில் கட்டிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார். "இப்போதைக்குன்னு சொன்னேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு நாளைக்கு நாலு தடவையாச்சும் கையை விடுறேங்க" என்றாள். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்றே மெஷினைப் பூட்டினார்கள். டீச்சர் பக்கத்தில் இருக்க, டெஸ்டர் தன் கையாலேயே அந்தச் சுற்றுவழியை அழித்தார். ப்ரோக்ராம்காரருக்கு ஃபோன் போட்டு விவரம் சொன்னார்.

"அது..." என்றார் ப்ரோக்ராம்காரர். "உங்க எடத்துல நல்லா ஓடுச்சுல்ல. அதையே மத்த எடத்துலயும் ஏத்திட்டேன். அதே மாடல் பிரஸ்தானே."

"மத்த எடம்னா? எத்தனை எடம்?"

"அஞ்சு. இல்ல, ஆறு."

மறுநாள் டெஸ்டர் வகுப்புக்குப் போகவில்லை. ப்ரோக்ராம்காரர் அனுப்பிய ஆறு எண்களையும் தாளில் எழுதி, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டார். மனைவி எதிர்நாற்காலியில் இருந்தாள். இரவு முழுவதும் பேசாதவள், காலையில் அவர் ஃபோனை எடுத்ததும் வந்து உட்கார்ந்துகொண்டாள். முதல் இடத்தில் நம்பவில்லை. குழாயை வைத்துப் பாருங்கள், முப்பது விநாடி காத்திருங்கள், கையை மட்டும் விடாதீர்கள் என்று கெஞ்சினார். அரைமணியில் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். நன்றி சொன்னார்கள். அடுத்த மூன்று இடங்களிலும் மெஷினை நிறுத்தினார்கள்.

ஐந்தாவது எண்ணை ஒரு ஆள் எடுத்தார். டெஸ்டர் வழக்கம்போல் ஆரம்பித்தார்: "சார், உங்ககிட்ட அட்டை அமுக்குற பிரஸ் ஒண்ணு இருக்கும். அதுல கதவு..."

"நீங்க யாரு?" குரல் சட்டென்று தாழ்ந்தது. "ஃபாக்டரி இன்ஸ்பெக்டருங்களா? போன வாரம் வந்தவங்ககிட்டயே எல்லாத்தையும் சொல்லிட்டோமே. கை மாட்டுன அந்தப் பொண்ணுதான் கதவைச் சரியா சாத்தலைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்களே."

டெஸ்டர் தாளிலிருந்த ஐந்தாவது எண்ணை மறுபடி பார்த்தார்.

"ஹலோ? யாருங்க பேசுறது?"

மனைவிக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்திலேயே படித்துவிட்டாள். எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள். "தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லைன்னு சொல்லுங்க."

அவர் தன் முழுப் பெயரையும் எந்தத் தொழிற்சாலை என்பதையும் சொல்லி, அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்தார்.