பதிமூன்று பத்தான மதியம்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலிலிருந்து எனக்குக் கிடைத்தது. கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் மைதானத்தில், வாலிபால் ஆட்டத்தின் இடைவேளையில், புள்ளி எதுவும் விழாத நேரத்தில் எழுந்த கைதட்டல். அது யாருக்கு என்று விசாரித்துப் போனேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: சைனைட் மேட்டின் மேல் வெயில் வெள்ளையாக—

வேண்டாம். தங்கவயலை எழுதுகிற எல்லோரும் அந்தச் சுரங்கக் கழிவு மேட்டில் ஏறித்தான் இறங்குகிறோம்.

2

ஜெயசீலி தினமும் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போகிறவள். சின்னக் கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. கணவன் சைலஸ் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். சர்ச் விளையாட்டு விழாவுக்கு இருவருமாக ஒரு ஸ்கோர் போர்டு செய்தார்கள். பட்டன் பெட்டியும் ஒயரும் அவனுடையவை. போர்டுக்குப் பின்னாலிருந்த குட்டிக் கம்ப்யூட்டரும் நிரலும் அவளுடையவை. பட்டனை அமுக்கினால் எண் யுஎஸ்பி ஒயர் வழியே போய் போர்டில் எரியும்.

பெண்கள் இறுதியாட்டம், மாரிகுப்பமும் பாலகாட்டும். பன்னிரண்டு வரை எல்லாம் ஒழுங்கு. மாரிகுப்பம் பதிமூன்றாவது புள்ளி எடுத்தது. போர்டு 10 என்றது.

"இன்னா இது! மூணு பாயின்ட்ட முழுங்கிட்டாங்க!"

அடுத்த புள்ளியில் தானாகவே 14 வந்தது. ஆனால் 17–9 ஆனபோது போர்டு 9–9 என்று காட்ட, பாலகாட் பக்கம் விசில் பறந்தது.

"இன்னாங்க, உங்க சால்டரிங்தான் லூசு!" என்று ஜெயசீலி எல்லோர் காதிலும் விழக் கத்தினாள்.

3

[இங்கே சைலஸைக் கோபப்பட வைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அந்த ஆள் கோபப்படவே இல்லை. அதுதான் பிறகு அவளை அதிகம் சுட்டது.]

அவன் ஒயரை வெட்டி மறுபடி பற்றவைத்தான். விரலைச் சுட்டுக்கொண்டான். இரண்டாவது செட்டுக்குப் புது ஒயரே போட்டான். பதிமூன்று மறுபடியும் பத்தானது.

"இன்னா சைலஸு, ஃபேக்டரிலயும் இப்டித்தானா?" கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் காது சிவந்திருந்தது. ஜெயசீலி அதைப் பார்த்தாள்.

முதல் செட் மாரிகுப்பத்துக்கு, இரண்டாவது செட் பாலகாட்டுக்குப் போனது. இடைவேளையில், நோட்டில் ஸ்கோர் எழுதும் எலைன் அவளிடம் வந்தாள்.

"ஜெயா, ரெண்டு செட்லயும் பாத்துட்டேன். பதிமூணு, பதினேழு, பத்தொம்பது. இந்த மூணு வந்தாதான் கெட்டுப்போவுது. ஒயருக்கு இன்னா, நம்பர் படிக்கத் தெரியுமா?"

ஜெயசீலி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

4

(அடிக்குறிப்பாக வைத்திருந்தேன், மேலே ஏறிவிட்டது. ஒயரின் மறுமுனையில் யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்வதாகத்தான் லினக்ஸ் நினைத்துக்கொள்கிறது. 13 என்றால் அதற்கு 'என்டர்' விசை. அதை 'அடுத்த வரி' என்கிற 10 ஆக மாற்றித் தரும். 17, 19 இரண்டும் 'அனுப்பு', 'நிறுத்து' என்கிற சைகைகள், தானே விழுங்கிவிடும். 17 காணாமல்போன இடத்தில் பக்கத்து 9 வந்து உட்கார்ந்தது அப்படித்தான். 'வந்ததை வந்தபடியே கொடு' என்று நிரலில் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. வீட்டில் சோதித்தபோது பன்னிரண்டு வரைதான் அமுக்கினாள். அதற்குள் குக்கர் கூப்பிட்டுவிட்டது.)

5

அந்த வரியைச் சேர்க்க இரண்டு நிமிடம் ஆனது. சும்மா இருந்திருந்தால் புது ஒயர்தான் சரிசெய்தது என்று ஊர் நம்பியிருக்கும்.

[அவளைச் சும்மா இருக்கவிட்டும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. பொய்யாக இருந்தது.]

அவள் நேராகப் போய் மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க. ஒயரு மொதல்லருந்தே நல்லாத்தான் கீது. சைலஸ் மேல தப்பு இல்ல. நான் எழுதனதுல தப்பு. அவர்மேல பழி போட்டதும் தப்பு."

இரண்டு ஊரும் சேர்ந்து கைதட்டியது. போர்டுக்குப் பின்னாலிருந்து சைலஸின் குரல்:

"சரியா கேக்கல! இன்னொரு வாட்டி சொல்லு!"

மைதானமே சிரித்தது. சிரிப்பை அடக்க முடியாமல் அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

6

மூன்றாவது செட் பதினைந்து புள்ளிக்கு. பாலகாட் முதலில் பதிமூன்றைத் தொட்டது. போர்டு 13 என்றது. மாரிகுப்பத்துக்காரர்கள்கூட எழுந்து நின்று கூவினார்கள். எதிரணியின் புள்ளிக்கு அப்படி ஓர் ஆரவாரத்தை நான் கேட்டதில்லை.

இப்போது 14–14. நான் மாரிகுப்பத்துக்காரன், யார் ஜெயித்தார்கள் என்று நான் எழுதினால் பாலகாட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கோப்பையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், மழையைக்கூட வரவழையுங்கள். ஆனால் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒருவன் சிரிக்கிறான், பக்கத்தில் அவன் மனைவி தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறாள். அந்த இரண்டு பேரை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.