பெட்டிக்குத் தெரியாத பயணிகள்

விடியற்காலை முதல் நடையில் மூச்சுவிட இடமிருக்காது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் நான், எனக்குத் தெரியாதா? பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், அலுவலகம் திறக்குமுன் கழிவறை கழுவுகிறவர்கள், எல்லாரிடமும் மாதப் பாஸ்; டிக்கெட் கிழிக்க வேலையே இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டு கழுவும் என் அக்கா, கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவாள்.

அந்த வண்டியை நிறுத்தப்போகிறார்களாம்.

"ஆளே இல்லாத வண்டிக்கு டீசல் எதுக்கும்மா?" என்றார் தலைமை அலுவலகத்தில் வழித்தடம் போடும் அதிகாரி. அவர் திரையில் எங்கள் வண்டி ஒரு புள்ளியாக ஊர்ந்தது. பயணிகள் மூன்று பேர் என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த மூணுல நானும் டிரைவரும் ரெண்டு பேர் சார். மூணாவது யாருன்னு எனக்கே தெரியல."

"நாங்க சொல்லலம்மா, டேட்டா சொல்லுது."

போன வருஷம் எல்லா பஸ்ஸிலும் ஒரு வைஃபை பெட்டி மாட்டினார்கள். பயணிகளுக்கு இலவச இணையம் என்று விளம்பரம் வேறு. வண்டியில் இருக்கும் ஸ்மார்ட்போன்களை மோப்பம் பிடித்து எண்ணி, அது அலுவலகத்துக்கும் சொல்லிவிடுமாம். எங்கள் ஆட்களிடம் இருப்பதோ பட்டன் போன், அதுவும் வீட்டுக்கு ஒன்று. பெட்டியைப் பொறுத்தவரை அவர்கள் பிறக்கவே இல்லை.

"ஒருநாள் நீங்களே வந்து ஏறிப் பாருங்க சார்."

"அவ்வளவு காலையில எப்படிம்மா?" என்று சிரித்தார்.

அக்காவிடம் சொன்னேன். "அடுத்த வண்டி பிடிச்சுப் போனா ஷிஃப்ட் மாறிடும்டி. வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. வேலை போச்சு," என்றாள்.

அக்கா புருஷன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மாமாவுக்கு வேலையை விட வாய்தான் அதிகம். அன்று மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார். "பெட்டிக்கு மனுஷனா வேணும்? போன்தானே? பை நிறைய நான் தரேன்."

ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்க வராத போன்களுக்கெல்லாம் சார்ஜ் போட்டு, துணிப்பையில் அடைத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். டிரைவர் அண்ணன் கண்டும் காணாத மாதிரி இருந்துகொண்டார். திரையில் எங்கள் வண்டி நிரம்பி வழிந்தது. நிறுத்தும் பேச்சு அடங்கியது. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க உருப்படியா பண்ண ரிப்பேர் இதுதான்," என்றாள் அக்கா, மாமாவிடம்.

அதிகாரி மறுபடி கூப்பிட்டார். பாராட்டத்தான்.

"அந்த நேரத்துல வர்றவங்க எல்லார் கையிலயும் ஸ்மார்ட்போன் இருக்கும்மா. வசதியானவங்க. அவங்களுக்குத் தகுந்த மாதிரி ஏசி வண்டி விடப்போறோம். பாஸ் செல்லாது. போன்ல டிக்கெட் எடுத்துக் காட்டினா கதவு தானா திறக்கும். கண்டக்டரே வேணாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். "சார், அது ஆள் இல்ல, பை."

"விளையாடாதம்மா. ஆர்டர் போட்டாச்சு."

ஏசி வண்டி விட்ட முதல் நாள் எனக்கு ஒரு மஞ்சள் கோட்டு மாட்டி நிறுத்தத்தில் நிற்க வைத்தார்கள். போனில் டிக்கெட் எடுக்க நான் பயணிகளுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். பளபளவென்று வண்டி வந்தது. பழைய டிரைவர் அண்ணன்தான். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

அக்கா கதவிடம் பாஸை நீட்டினாள். திறக்கவில்லை. பட்டன் போனை நீட்டினாள். அதற்கும் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் காலி இருக்கைகள். இருட்டோடு எழுந்து ஊர் அழுக்கைக் கழுவப் போகிறவளை வெளியே நிறுத்த இவர்கள் யார்?

அக்கா பாஸை இடுப்பில் செருகிக்கொண்டாள். நடந்துபோய் வண்டிக்கு முன்னால் நின்றாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராய்ப் போய் நின்றார்கள். டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

என் போன் அடித்தது. அதிகாரி அன்று மட்டும் சீக்கிரம் எழுந்துவிட்டார் போல.

"வண்டி ஏன் நகரல? ரோடு காலியாத்தானே காட்டுது?"

"முன்னால ஆள் நிக்கிறாங்க சார்."

"எத்தனை பேர்?"

"வந்து எண்ணிக்குங்க."

போனை அணைத்தேன். கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.