இருபத்து நாலு இஞ்ச்

சரக்குக் கம்பெனியின் மர பெஞ்சில் டிரைவர் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்குத்தான் கிளார்க் கண்ணாடிக் கதவைத் திறந்து, "வாங்க டிரைவரே" என்றார்.

மேஜைமேல் பணிக்கொடை செக் தயாராக இருந்தது. டிரைவர் அதை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு வந்து எழுத்தை மறைத்துவிடும்.

"அறுபத்தோராயிரமா? ஒண்ணரை லட்சம் வரும்னு சொன்னீங்களே சார்."

"சர்வீஸ் எட்டு வருஷந்தானே."

"இருபத்திரண்டு வருஷம் சார். இந்தக் கட்டடத்துக்கு செங்கல் ஏத்திட்டு வந்ததே நான்தான்."

"இல்லேங்கலை. மொதப் பதினாலு வருஷம் கான்ட்ராக்டர் பேர்ல இருந்திருக்கீங்க. அதை அவர்கிட்டத்தான் கேக்கணும்."

"அவர் செத்து ஆறு வருஷமாச்சு."

கிளார்க் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்தார். "வாங்கிக்குங்க டிரைவரே. இன்னிக்கு விட்டா இதையும் இழுத்தடிப்பாங்க" என்றார், உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. டிரைவர் போட்ட கையெழுத்து கோட்டைவிட்டு மேலே ஏறிப் போயிற்று.

சர்க்கரை கண்ணில் இறங்கி, லைசென்ஸ் பறிபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. பகல் முழுக்க அவர் வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் போனைப் பழுதுபார்க்கப் போன கம்ப்யூட்டர் கடையில், கடைக்காரன் வியாபாரம் இல்லாத நேரத்தில் திரையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மலைப்பாதை, மழை, வைப்பர் எல்லாம் இருந்தன. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் ட்ரெய்லர் வளைந்து வருவதுகூடத் தெரிந்தது. டிரைவர் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

அப்படி ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் பார்வை தாங்கினால் பெரிது என்று கண் டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். "பணம் வரட்டும். நாப்பதாயிரம் உங்களுக்கு, மிச்சம் வீட்டுக்கு" என்றாள். கடைக்காரன் நாற்பதாயிரத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவள் வேலை. செக் வந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் நேரே கடைக்கு வந்தாள். செக்கை இரண்டு முறை பார்த்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருபத்தஞ்சுக்கு மேல முடியாது தம்பி."

கடைக்காரன் பேனாவை எடுத்தான். "அப்போ மொதல்ல ஸ்டீயரிங் செட் போயிரும்ணே."

"ஸ்டீயரிங் இல்லாம லாரி எப்படிப்பா ஓட்டுறது?"

"கீபோர்டுல ஓட்டலாம். இந்த நாலு பட்டன்தான்."

டிரைவர் அந்த நான்கு பட்டன்களையும் தடவிப் பார்த்தார். "கிளட்ச்?"

"அதெல்லாம் தானா பாத்துக்கும்."

"அதுவே எல்லாம் பாத்துக்கிட்டா நான் எதுக்கு, கிளீனர் வேலைக்கா?" என்றார். கடைக்காரன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பவர் சப்ளையில் விலை குறைந்ததாக டிரைவர் கேட்டபோது கடைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல கை வைக்காதீங்கண்ணே. மட்டமான டீசல் ஊத்துற மாதிரி. மத்ததையும் சேர்த்துத் தின்னுடும்." கலர் விளக்கு எரியும் கேபினட் பெட்டியை அவளே தள்ளி வைத்தாள். "வீட்டு லைட்டுக்கே கரண்ட் பில் கட்ட முடியல. இதுக்கு வேற அலங்காரமா?" மூலையில் நசுங்கிக் கிடந்த ஒன்றைப் பாதி விலைக்குக் கேட்டாள். புராசஸரும் மதர்போர்டும் யாரோ விற்றுவிட்டுப் போனவை.

பழைய கிராபிக்ஸ் கார்டுகள் மூன்றைக் கடைக்காரன் எடுத்து வைத்தான். டிரைவர் ஒவ்வொன்றின் விசிறியையும் விரலால் சுற்றிவிட்டு, காதருகே வைத்துக் கேட்டார். "இதை வச்சிருந்தவன் மேட்டுல நல்லா மிதிச்சு ஓட்டியிருக்கான். இது வேணாம்." மூன்றாவதைத் துண்டால் துடைத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

மானிட்டர் கடைசியில் வந்தது. பத்தொன்பது இஞ்ச் திரையில் கடைக்காரன் ஒரு சாலையை ஓடவிட்டான்.

"அந்தப் போர்டு தெரியுதாங்க?" என்று அவள் கேட்டாள்.

"எந்தப் போர்டு?"

கடைக்காரன் இருபத்து நாலு இஞ்சை எடுத்து மாட்டினான். டிரைவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆ, பச்சைப் போர்டு. இப்போ தெரியுது." எழுத்து தெரியவில்லை. அதை அவர் சொல்லவில்லை.

"பெரிசையே குடுங்க தம்பி" என்றாள் அவள்.

"அக்கா, அப்போ கார்டு வாங்க முடியாது. அது இல்லாமலும் ஓடும். ஆனா திக்கித் திக்கித்தான் ஓடும்."

டிரைவர் தன் பக்கம் இருந்த கார்டை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்தினார். "பரவால்ல தம்பி. நான் வேகமா ஓட்டுற ஆளில்லை."

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரன் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்வரை பக்கத்தில் நின்று, போர்டு போர்டாகப் படித்துச் சொன்னாள். படம் திக்கியது. டிரைவர் அதற்கேற்றாற்போல் முன்கூட்டியே பிரேக் பிடித்தார். ஒரு முறைகூட இடிக்கவில்லை. "பஸ் வந்துரும்ங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

மாலை ஆறு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது, திரையில் பிரிகிற சாலைக்கு முன்னால் லாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் முழங்காலில் கை வைத்தபடி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எப்பலேருந்துங்க நிக்குது?"

"நீ போன கொஞ்ச நேரத்துல. ரோடு ரெண்டாப் பிரியுது. எங்க போறதுன்னு தெரியல, ஓரங்கட்டிட்டேன்."

அவள் பையைக்கூட இறக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து உருவி எடுத்தாள். "நேராப் போனா துறைமுகம். நமக்கு இடதுகைப் பக்கம்."

லாரி நகர்ந்தது. "பாலம் வருது… மெதுவா… பாலம் தாண்டி வலது." அவர் திரும்பினார். "இனி ரொம்ப தூரம் நேர்தான்" என்றாள்.

அடுத்த பச்சைப் பலகை தூரத்தில் தெரிந்தபோது அவளிடமிருந்து குரல் வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். மடியில் பையை அணைத்தபடி, சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவர் எழுப்பவில்லை. வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, லாரியை மெல்ல ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.