பின்வெளி மூன்று மீட்டர்

கருத்துக்கேட்பின் கடைசி நாள் அது. நகராட்சியின் கட்டட விதிகளைத் திருத்தப்போகிறோம், பொதுமக்கள் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். வந்தவர்கள் நாயைப் பற்றிச் சொன்னார்கள். சாக்கடையைப் பற்றிச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் துளை போட்டே தன் ஆயுளைக் குறைத்துவிட்டதாக ஒருவர் தழுதழுத்தார். விதியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். திட்டப் பிரிவில் உதவியாளன். ஒரு நீள மேசை, அதன் பின்னால் அவனும் பிரிவின் தலைவியும். தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். பேச வருகிறவர்கள் மைக்கைப் பிடித்ததும் ஹலோ ஹலோ என்பார்கள், பிறகு விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மேடத்தின் முகம் ஒருமுறை சுருங்கி விரியும்.

அவன் முகம் எதற்கும் சுருங்குவதில்லை. மனைவி போனதிலிருந்து அப்படித்தான். முதல் மாதம் அலுவலகத்தில் ஆளாளுக்கு வந்து தோளைத் தொட்டார்கள். இப்போது தொடுவதில்லை, வேலையைத் தள்ளிவிடுகிறார்கள். அவனுக்கு அதுவே தேவலை என்றிருந்தது.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் காலி நாற்காலிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தபோது கூடத்தின் பின்வாசலில் சலசலப்பு கேட்டது. ஒரு சந்தே கிளம்பி வந்தது போல ஆட்கள் நுழைந்தார்கள். முன்னால் அவனுடைய மாமனார். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா, அக்குளில் ஒரு கட்டுக் காகிதம். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவனைப் பார்த்தார். பார்க்காதது போல மேடத்திடம் திரும்பினார்.

"வணக்கம் மேடம். எங்க சந்துல இருக்கிற அத்தனை வீட்டு ஆட்சேபணையும் இதுல இருக்கு. சார்கிட்ட குடுக்கட்டுங்களா?"

சார் என்றது அவனைத்தான். வாய்க்கு வாய் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிட்ட மனிதர். அவன் கை நீட்டினான். கட்டு கனமாக இருந்தது.

மேடம் மேலிருந்து நாலைந்து தாள்களைப் புரட்டினார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே ஐயா."

"ஒரு எழுத்து மாறாது மேடம்." மாமனாரின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. "நானே அடிச்சேன்."

"ரொம்ப நல்லது. உக்காருங்க."

அவர் போய் முன்வரிசையில் உட்கார்ந்ததும் மேடம் அவன் பக்கம் சாய்ந்து, "ஒண்ணுன்னு போட்டுக்கோ" என்றார்.

பிரிவின் வழக்கம் அது. ஒரே வாசகத்தில் எத்தனை வந்தாலும் பதிவில் ஒன்றுதான். யாரோ எப்போதோ எதற்கோ கொண்டுவந்த வழக்கம், யாரும் மாற்றவில்லை. அடுக்குமாடி கட்டும் ஒரு நிறுவனத்தின் ஆலோசகருக்கு இது நன்றாகத் தெரியும். புதிய விதியை ஆதரித்து அவர் ஏற்பாடு செய்த கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நடையில் வந்திருந்தன. ஒன்றில் அழகாக நாலு பிழைகூட விட்டிருந்தார்கள். அவை ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகியிருந்தன. விதியை இறுதி செய்யும் குழு கூடும்போது எதிர்ப்பு எத்தனை, ஆதரவு எத்தனை என்றுதான் பார்க்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவர்களுக்கு ஏது பொறுமை?

வீட்டின் பின்சுவருக்கும் மனையின் எல்லைக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடத்துக்குப் பின்வெளி என்று பெயர். இதுவரை ஒரு மீட்டர். வரைவு விதியில் மூன்று. காற்று, வெளிச்சம், தீயணைப்பு என்று காரணங்கள் போட்டிருந்தது. பெரிய பெரிய மனைகள் உள்ள வேறொரு ஊரின் விதியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சின்ன மனைக்காரர்கள் இனி ஒரு அறைகூடக் கூட்டிக் கட்ட முடியாது. முடியாவிட்டால் விற்பார்கள். வாங்குவதற்குத்தான் நிறுவனம் காத்திருந்தது.

மாமனார் வீட்டுக்குப் பின்னால் இருப்பதே நாலு மீட்டர். அங்கேதான் அவர் ஒரு அறையும் குளியலறையும் கட்ட நினைத்திருந்தார். அந்த வீட்டில் படுக்கை, குளியல் எல்லாம் மாடியில். போன வருஷம் அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்தது, படி இறங்க மட்டும் வரவில்லை. அறை கட்டும் யோசனை அவனுக்குப் போனில்தான் தெரியும். மனைவியின் காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கவில்லை.

தேநீருக்கு விட்டார்கள். மாமனார் தாழ்வாரத்தின் கோடியில், கையில் டம்ளரோடு தனியாக நின்றிருந்தார். அவன் போனான்.

"மாமா."

"இங்க வேண்டாம். சொந்தக்காரங்களுக்குச் சலுகை பண்றாருன்னு பேச்சு வரும். உங்க வேலைக்கு ஆபத்து."

"அந்தக் கட்டை ஒண்ணாத்தான் எண்ணுவாங்க."

"எந்தக் கட்டை?"

"நீங்க குடுத்ததை. எல்லாம் ஒரே வாசகம். அதனால ஒரே ஆட்சேபணை."

டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. "கையெழுத்து வேற வேறதானே?"

"கையெழுத்தை எண்ண மாட்டாங்க."

"அடப்பாவிங்களா. ஆளுக்கொரு பக்கம் இழுத்தா ஒற்றுமை இல்லைங்கறது. ஒண்ணா வந்தா ஒரே ஆளுங்கறது." குரல் உயர்ந்ததை அவரே உணர்ந்து தாழ்த்திக்கொண்டார். "அந்தக் கடிதத்துல ஒரு கமா தப்பு காட்டுங்க பார்ப்போம்."

"தப்பே இல்ல மாமா. தப்பா எழுதியிருந்தா எண்ணியிருப்பாங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே பெரியவரே!" சந்தில் வேன் ஓட்டுகிறவர். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தெருவிளக்கைப் பற்றியே பேசுவதால் அவருக்கு லைட்டு என்று பெயர். "எங்க வீட்டுது நான் தனியா எழுதறேன்னேன். உனக்கு வாக்கியமே அமையாது, கையெழுத்து மட்டும் போடுன்னீங்க."

"நீ எழுதினா விளக்கைத்தான் எழுதுவே."

"எரியலையே, எழுதாம?"

மாமனார் டம்ளரைத் திண்டில் வைத்தார். நாற்பது பேர் வாயையும் அடைத்துத் தன் வாசகத்தை வைத்துவிட்டோம் என்று உணர்ந்தவரின் முகம் அது.

"மைக்ல பேசலாம்," என்றான் அவன். "பேசினா ஆளுக்கு ஒண்ணுன்னு பதிவாகும். இந்தக் காகிதத்தைப் படிக்கக் கூடாது, அவங்கவங்க வீட்டு விஷயத்தை அவங்கவங்க சொல்லணும். இன்னிக்கோட சரி. நாளைக்கு இல்ல."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய விஷயம்தான். யாரும் கேக்கறதில்ல."

லைட்டு ஏற்கெனவே கூடத்துக்குள் ஆள் திரட்டப் போயிருந்தார். இருவரும் தனியாக நின்றார்கள்.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"மேலதான் இருக்கா. எங்க போவா?" என்றார் மாமனார்.

இருவரும் கூடத்துக்குத் திரும்பினார்கள்.

முதலில் லைட்டுதான் வந்தார். மைக்கை மூன்று முறை தட்டினார். "எங்க சந்துல ஒரு விளக்குகூட எரியல," என்று ஆரம்பித்தார். முன்வரிசையிலிருந்து மாமனார் பல்லைக் கடித்தபடி, "பின்பக்கம், பின்பக்கம்" என்றார். லைட்டு சுதாரித்தார். "பின்பக்கமும் எரியல. அங்க ஒரு ரூம் கட்டினாத்தான் என் பையனுக்குக் கல்யாணம் பண்ண முடியும். மூணு மீட்டர் விடச் சொன்னா நான் அவனை எங்க குடிவைக்கிறது, வேன்லயா?" கூடம் சிரித்தது. அவன் எழுதினான்.

அடுத்து ஒரு நர்ஸ். சீருடையோடு வந்திருந்தாள், இரவு வேலைக்குப் போக வேண்டுமாம். "சந்துல வயசானவங்க பாதிப் பேர் மாடியில இருக்காங்க. உடம்பு முடியலன்னா நாலு பேர் நாற்காலியில வெச்சு இறக்கறோம். திருப்பத்துல கால் இடிக்கும். கீழ ஒரு அறை இருந்தா அந்த நாலு பேரைத் தேட வேண்டாம். அவ்வளவுதான்."

பிறகு தையற்காரர், கண்ணாடி அறுக்கிறவர், முறைத்துக்கொண்டே வந்த ஒரு நாத்தனாரும் அண்ணியும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள். நாத்தனார் அறை வேண்டும் என்றாள். அண்ணி, அறை வேண்டும், ஆனால் அது நாத்தனாருக்கு இல்லை என்றாள். இரண்டும் எதிர்ப்பு என்றே பதிவாயின.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

"சொன்னேன் மேடம்."

காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கும் காது புளித்திருந்தது. "எல்லாத்தையும் நீதான் அடிச்சுக் குடுக்கணும். என் தலையில கட்டாதே."

"சரி மேடம்."

கடைசியில் மாமனார் எழுந்தார். மைக்கைத் தட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்துப் பிரித்தார். "மாண்புமிகு ஆணையர் அவர்களுக்கு, கீழ்க்கண்ட சந்தில் வசிக்கும்..."

"ஐயா, அது ஏற்கெனவே வந்திருக்கு," என்றார் மேடம். "வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க."

அவர் நிறுத்தினார். காகிதத்தை மடித்தார். வேறு ஏதாவது என்று யோசிப்பது போல நின்றார். யார் யாரோ சொன்னதைக் காலமெல்லாம் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தவர். தன் வார்த்தை என்று ஒன்றைத் தேடியபோது கை சட்டைப் பைக்கும் மைக்குக்கும் நடுவே அலைந்தது. கூடத்தில் யாரோ இருமினார்கள். மின்விசிறி சத்தம் பெரிதாகக் கேட்டது. அவன் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான். காத்திருப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. அதுவே அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

"என் வீட்டுக்காரி மாடியில இருக்கா," என்றார் மாமனார்.

நிறுத்தினார். மேடம் தலையசைத்தார்.

"கடைசியா அவளை எதுக்கு நாற்காலியில வெச்சு இறக்கினோம்னா, பொண்ணைப் பார்க்க. வாசல்ல கிடத்தியிருந்த பொண்ணைப் பார்க்க. அதுக்கப்புறம் இறங்கல. இறக்கட்டுமான்னு கேட்டா வேண்டாம்ங்கறா." மைக்கைப் பார்த்தே பேசினார். "அவ கீழ வந்து இருக்கணும். வேற எதுக்காவது ஒருதரம் கீழ வரணும். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

போய் உட்கார்ந்துகொண்டார். லைட்டு அவர் பக்கத்து நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

அவன் குனிந்து எழுதினான். ஆட்சேபணையாளரின் மனைவி மேல்மாடியில் வசிக்கிறார் என்று எழுதினான். அதைக் கோடு போட்டு அடித்தான். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினான். கை எழுதியது. அவனுக்குள் வேறெங்கும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் தட்டச்சு செய்யும்போது அந்த இடத்தில் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

குழு கூடியது. எதிர்ப்பு ஆதரவைவிடக் கூடுதலாக இருந்தது, ஆனால் நிறுவனத்தின் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று நடுவில் வெட்டினார்கள். சிறு மனைகளுக்குப் பின்வெளி இரண்டு மீட்டர். மேடம் ஃபைலை அவன் மேசையில் போட்டு, "போ, இதுவே பெரிசு," என்றார். அவர் அப்படிச் சொன்னதே அவனுக்குப் பெரிதாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவர் வாங்க என்றார். மாப்பிள்ளை என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை. இருவரும் நேராகப் பின்பக்கம் போனார்கள். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவன் இழுத்தான். நாலு மீட்டரில் இரண்டு போனால் இரண்டு. சுவர் கனம் கழித்தால் உள்ளே ஆறடிதான் அகலம். நீளத்துக்குக் குறைவில்லை, ஒரு கோடியில் குளியலறை வைத்துவிடலாம்.

"ரயில் பெட்டி மாதிரி இருக்குமே," என்றார் மாமனார் சோர்வாக.

மேலே பின்ஜன்னல் திறந்தது. "யாரு அங்க?"

"மாப்பிள்ளை வந்திருக்கார். அளக்கறோம்."

"ரயில் பெட்டின்னா ஜன்னல் பக்கம் எனக்கு," என்றது அத்தையின் குரல். "எவ்வளவு அகலம்?"

"ஆறடி அத்தை."

"நம்ம பெரிய கட்டில் அஞ்சடி. மிச்சம் ஒரு அடியில நான் எப்படி வாக்கரை வெச்சு நடக்கறது? பறந்தா?"

மாமனார் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை அவர் யோசித்திருக்கவில்லை. அவனும் யோசித்திருக்கவில்லை. விதியில் கட்டிலுக்கு இடமில்லை.

"அவ கட்டில் சின்னது," என்றது ஜன்னல். "அந்த ரூம்ல அப்படியே கிடக்கு. அதைப் போட்டா சரியாப் போகும்னு நினைக்கிறேன். வந்து அளந்து பாருங்க."

மாமனார் அவனைப் பார்த்தார். நான் போகட்டுமா என்று கேட்பது போலிருந்தது. அவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படி ஏறினான். திருப்பத்தில் சுவரில் நாற்காலிக் கால் உரசிய தடம் இருந்தது.

அறைக் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. கட்டிலின் மேல் மடித்த போர்வைகளும் ஒரு பழைய மின்விசிறியும் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தான். தலைப்பக்கம் நாடாவை வைத்து இழுத்தான். எண் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"எவ்வளவு?" என்றாள் அத்தை அடுத்த அறையிலிருந்து.

"மூணடி அத்தை."

"கொள்ளுமா?"

"கொள்ளும்," என்றான்.