மஞ்சள் பட்டை

"அந்தக் கால்சட்டையை மட்டும் எடுக்காதம்மா!" அப்பாவின் கூட்டாளி டெல்பர்ட் மாமா ஓடிவந்து நோரீனை மறித்தார்.

கேன்சஸ் சமவெளியில் இருக்கிறது வென்லாக் கோட்டை. அதன் பார்வையாளர் மையத்துப் பின்னறையில் அப்பா வெர்ஜிலின் அலமாரியைத் திறந்துவைத்து நின்றாள் நோரீன். தபால்காரராக ஓய்வுபெற்றவர், கோடைதோறும் இங்கே பழங்காலச் சிப்பாயாக வேடம் கட்டி, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குப் துப்பாக்கி சுட்டுக் காட்டுவார். இன்று மதியம் அவருக்கு அடக்கம். அந்த உடுப்பிலேயே புதைக்கச் சொல்லியிருந்தார்.

"ஏன் மாமா?"

"உங்கப்பன் காலாட்படை. கால்சட்டை ஓரத்துப் பட்டை நீலமா இருக்கணும். உங்கம்மா மஞ்சள் வச்சுத் தச்சிருக்கா. அது குதிரைப்படைக்கு! 'குதிரை எங்கடா வெர்ஜில்?'னு நாங்க கேக்காத நாளே கிடையாது."

"அப்பா ஏன் மாத்தல?"

"'என் பொண்டாட்டி வாண்டா காதுல இது விழுந்துச்சுன்னா, உங்களைப் பீரங்கிக்குள்ள திணிச்சிருவேன்'னான். பிடிவாதக்காரக் கழுதை." மாமா நீலப் பட்டை வைத்த கால்சட்டையை நீட்டினார். "என்னோடதுதான். கடைசியாவாவது சரியாப் போகட்டும். கூட்டாளிங்க எல்லாம் வருவாங்க."

நோரீன் வாங்கக் கை நீட்டியவள் நிறுத்தினாள். நீலத்தைக் கண்டால் அம்மா ஏனென்று கேட்பாளே. அவள் தைத்தது தப்பென்று சாவு வீட்டிலா சொல்வது?

"அப்பா மூடிவச்சத நான் போட்டு உடைக்க மாட்டேன் மாமா," என்று மஞ்சளையே எடுத்துக்கொண்டாள்.

தேவாலயத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. கூட்டாளிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையாய் நின்றார்கள். ஒருவர்கூடக் கால் பக்கம் பார்க்கவில்லை. அம்மா குனிந்து அந்தப் பட்டையை விரலால் தடவினாள்.

"நீலம் வச்சிருக்கணும்," என்றாள் மெல்ல.

நோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"கோட்டைச் சுவத்துல எந்தப் படைக்கு எந்த நிறம்னு படம் போட்டே எழுதி வச்சிருக்காங்களே. முதல் கோடையிலயே பாத்துட்டேன். அவரே சொல்லட்டும், பிரிச்சுத் தச்சுத் தரலாம்னு இருந்தேன். மனுஷன் வாயே தெறக்கல. என்ன பெருமையா போட்டுட்டுத் திரிஞ்சார்!"

நோரீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"கீழ கொஞ்சம் பிரிஞ்சிருக்கு பாரு. பெட்டியை இப்ப மூட வேண்டாம்னு சொல்லு."

அம்மா கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். அதில் மஞ்சள் நூல் கோத்தே இருந்தது.